முழங்கை வலிக்கு எந்த ஊசி நல்லது? ஆறு வாரக் கணக்கும் ஓராண்டுக் கணக்கும்

2004 அக்டோபரில் சேப்பாக்கத்தில் நடந்த இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்ட்டில் சச்சின் டெண்டுல்கர் ஆடவில்லை. இடது முழங்கையில் வலி. ‘டென்னிஸ் எல்போ’ என்ற பெயர் அப்போதுதான் டீக்கடைப் பேச்சு வரைக்கும் வந்தது. 2005 மே மாதம் லண்டனில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. திரும்பவும் இந்திய அணிக்காக மட்டையைப் பிடிக்க அக்டோபர் ஆகிவிட்டது.

அதே வலியோடு இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்பேட்டைகளில் வேலை பார்ப்பவர்கள் உண்டு. அவர்களில் பலர் டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டதுகூட இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் கார், வல்லம் வடகாலில் மோட்டார் சைக்கிள், ஒரகடத்தில் டயரும் லாரியும், ஸ்ரீபெரும்புதூரில் செல்போனும் வீட்டு உபயோகப் பொருட்களும் என்று லைன் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரே நட்டை, ஒரே ஸ்க்ரூவை, ஒரே பெட்டியை ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கான தடவை கையாளும் கைக்குத்தான் இந்த வலி வருகிறது. ஐந்து மாத ஓய்வு என்பதை அந்தக் கை கனவிலும் நினைக்க முடியாது. அதனால் கேள்வி சுருங்கிவிடுகிறது: “டாக்டர், ஒரு ஊசி போட்டா திங்கக்கிழமை வேலைக்குப் போயிடலாமா?”

போகலாம். ஆனால் திங்கட்கிழமையைக் காப்பாற்றித் தரும் ஊசியே அடுத்த வருடத்தைக் கெடுத்துவிடும் வாய்ப்பும் இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலான ஆய்வுகள் சொல்லும் செய்தி இது. எந்த ஊசி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை நாள் கணக்கில் நல்லது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

முழங்கையின் வெளிப்பக்கம் ஒரு எலும்பு முண்டு துருத்திக்கொண்டிருக்கும். மணிக்கட்டையும் விரல்களையும் மேல்நோக்கித் தூக்கும் தசைகள் அங்கேதான் தசைநாணாகத் திரண்டு ஒட்டுகின்றன. உள்ளங்கை கீழே பார்த்தபடி எதைத் தூக்கினாலும், எதை இறுக்கிப் பிடித்தாலும் இழுபடுவது அந்த ஒட்டுமிடம். திரும்பத் திரும்ப இழுபட்டு, ஆறுவதற்கு இடைவெளி கிடைக்காமல் போனால் தசைநாணின் இழைகள் ஒழுங்கு குலைந்து நைந்துபோகின்றன.

நீண்ட காலம் இதை வீக்கம், அழற்சி என்றே மருத்துவ உலகம் நினைத்தது. 1979-ல் நிர்ஷல், பெட்ரோன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், அறுவை சிகிச்சையில் எடுத்த திசுக்களை ஆராய்ந்து, அங்கே அழற்சியைவிடத் திசுச் சிதைவுதான் முக்கியம் என்று எழுதினார்கள். ஊசிகளை ஒப்பிட இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். அழற்சிதான் நோய் என்றால் அதை அடக்கும் மருந்து போதும். இழை நைந்திருக்கிறது என்றால் அது ஆற வேண்டும். ஆறுவதற்கு நாள் வேண்டும்.

அடையாளம் சுலபம். அந்த எலும்பு முண்டை அழுத்தினால் சுரீரென்று வலிக்கும். தண்ணீர்ச் சொம்பைத் தூக்கும்போது, ஈரத்துணியைப் பிழியும்போது, கதவுக் குமிழைத் திருகும்போது வலி முன்கை வரை இறங்கும். பொதுவாக 40, 50 வயதுகளில் அதிகம் வரும். மக்கள்தொகையில் 1 முதல் 3 சதவீதம் பேருக்கு இருக்கும் என்பது மருத்துவ நூல்களின் கணக்கு.

தொழிலுக்கும் இதற்கும் உள்ள தொடர்பும் அளந்து பார்க்கப்பட்ட ஒன்றுதான். 2009-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு மூன்று வேலைமுறைகளைச் சுட்டியது. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கருவியைக் கையாள்வது. 20 கிலோவுக்கு மேலான சுமையை ஒரு நாளில் பத்து தடவைக்கு மேல் தூக்குவது. ஒரே அசைவை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் செய்வது. மூன்றிலும் இந்த நோய் வருவதற்கான வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாத அசெம்ப்ளி லைனைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஸ்டீராய்டு: முதலில் ஜெயிக்கும், பிறகு தோற்கும்

அதிகம் போடப்படுவது ஸ்டீராய்டு ஊசி. டிரையாம்சினலோன், மெதில்பிரெட்னிசலோன் போன்ற மருந்துகள். மருந்தின் விலை குறைவு. போடுவதற்குச் சில நிமிடம் போதும். சில நாளிலேயே வலி குறைந்துவிடும். “ஒரே ஊசி, சரியாப் போச்சு” என்று கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்வதில் பொய்யில்லை. அவர் சொல்வது ஆறாவது வாரத்துக் கதை.

ஓராண்டுக் கதையை நெதர்லாந்து மருத்துவர்கள் 2002-ல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். 185 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசி, இன்னொன்றுக்கு பிசியோதெரபி. மூன்றாவது பிரிவுக்கு ஆலோசனை மட்டும் தந்து காத்திருக்கச் சொன்னார்கள்.

ஆறு வாரம் கழித்து, முற்றிலும் குணமாகிவிட்டது அல்லது நன்றாகத் தேறிவிட்டது என்று சொன்னவர்கள்:

ஊசி போட்டவர்கள்: 100-க்கு 92 பேர்.
பிசியோதெரபி: 47 பேர்.
காத்திருந்தவர்கள்: 32 பேர்.

இதோடு நிறுத்தினால் விவாதமே தேவையில்லை. ஊசிக்கு அமோக வெற்றி. ஆனால் 52 வாரம் கழித்து அதே ஆட்களைக் கேட்டபோது வரிசை தலைகீழானது:

ஊசி போட்டவர்கள்: 69 பேர்.
பிசியோதெரபி: 91 பேர்.
காத்திருந்தவர்கள்: 83 பேர்.

ஒன்றுமே செய்யாமல் காத்திருந்தவர்கள்கூட ஊசி போட்டவர்களை முந்திவிட்டார்கள். ஏதோ ஒரு ஆய்வில் தற்செயலாக வந்த முடிவு என்று இதைத் தள்ள முடியாது. 2006-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 198 பேரை வைத்து நடந்த ஆய்விலும் இதே போக்குதான். ஊசி போட்டுத் தேறியவர்களில் 72 சதவீதம் பேருக்கு வலி திரும்பி வந்தது. 2013-ல் அதே நகரத்து ஆய்வாளர்கள் 165 பேரிடம் ஸ்டீராய்டையும் மருந்தில்லாத போலி ஊசியையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டில் தேறியவர்கள் ஸ்டீராய்டு பிரிவில் 83 சதவீதம், போலி ஊசிப் பிரிவில் 96 சதவீதம். வலி திரும்பியவர்கள் ஸ்டீராய்டில் 54 சதவீதம், போலி ஊசியில் 12 சதவீதம். ஊசியோடு பிசியோதெரபியும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தும் இந்தப் பின்னடைவு சரியாகவில்லை.

ஏன் இப்படி? இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. ஸ்டீராய்டு வலியை அடக்குவதோடு, தசைநாண் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் வேலையையும் மந்தமாக்குகிறது என்பது ஒன்று. வலி போனதும் கை பழைய சுமையை முழுதாக எடுத்துக்கொள்கிறது, ஆறாத இழை மறுபடி நைகிறது என்பது இன்னொன்று. லைனில் நிற்பவருக்கு இரண்டாவது விளக்கம் நன்றாகவே பொருந்தும். வலி என்பது வண்டியின் எச்சரிக்கை விளக்கு மாதிரி. விளக்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டால் டேஷ்போர்டு சுத்தமாகத் தெரியும். என்ஜின் சூடு குறையாது.

வேறு சில பக்கவிளைவுகளும் உண்டு. ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்துப் போகலாம். நம்மூர்க் கருத்த தோலில் அது பளிச்சென்று தெரியும். தோலுக்கடியில் கொழுப்பு கரைந்து குழி விழலாம். சர்க்கரை நோய் உள்ளவருக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும்.

பிஆர்பி: யாரோடு ஓடி ஜெயித்தது?

ஸ்டீராய்டின் குறை தெரிந்த பிறகு மேடைக்கு வந்தது பிஆர்பி. நோயாளியின் ரத்தத்தையே எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவைப் பிரித்து, முழங்கையில் செலுத்துவார்கள். தட்டணுக்களில் உள்ள வளர்ச்சிக் காரணிகள் இழையை ஆற வைக்கும் என்பது எதிர்பார்ப்பு. “உங்க ரத்தம்தான், சைடு எஃபெக்ட் கிடையாது” என்று சொல்லி விற்பது சுலபம். தனியார் மருத்துவமனைகளில் ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கில் ஆகிறது. மாதம் 15,000, 18,000 வாங்கும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அது சின்னத் தொகை இல்லை.

பிஆர்பிக்கு ஆதரவாக எப்போதும் காட்டப்படுவது 2010-ல் நெதர்லாந்தில் 100 பேரிடம் நடந்த ஆய்வு. ஓராண்டு முடிவில் வலி குறைந்தவர்கள் பிஆர்பி பிரிவில் 73 சதவீதம், ஸ்டீராய்டு பிரிவில் 49 சதவீதம். பார்த்தால் பெரிய வெற்றிதான். ஆனால் ஓட்டப் பந்தயத்தில் ஒருவர் ஜெயித்தார் என்றால், அவரோடு ஓடியவர் யார் என்றும் பார்க்க வேண்டும். ஓராண்டுக் கணக்கில், சும்மா காத்திருந்தவர்களிடமே தோற்றது ஸ்டீராய்டு. அதை முந்தியதால் மட்டும் பிஆர்பி குணப்படுத்தியது என்று ஆகிவிடாது. பிஆர்பி பிரிவில் இருந்தவர்கள் தானாகவே தேறியிருக்கலாம். ஸ்டீராய்டு பிரிவில் இருந்தவர்களுக்கு அது தடைபட்டிருக்கலாம்.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி, பிஆர்பியை வெறும் உப்புநீரோடு ஒப்பிடுவது. 2013-ல் டென்மார்க்கில் 60 பேரிடம் அதைச் செய்தார்கள். மூன்று மாத முடிவில் வலிக் குறைவில் பிஆர்பிக்கும் உப்புநீருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பிறகு 2021-ல் காக்ரேன் அமைப்பு 32 ஆய்வுகளை, 2,337 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தது. நோயாளி உணரக்கூடிய அளவுக்கு வலியிலோ கையின் செயல்பாட்டிலோ பிஆர்பியும், நோயாளியின் சொந்த ரத்தத்தை அப்படியே செலுத்தும் ஊசியும் போலி ஊசியைவிடப் பெரிதாக எதையும் தருவதில்லை என்பதே அதன் முடிவு.

பிஆர்பி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தயாராவதும் இல்லை. சுழற்றும் வேகம், தட்டணு அளவு, வெள்ளணு சேர்ப்பதா நீக்குவதா என்று இடத்துக்கு இடம் மாறும். ஒரே பெயரில் வேறு வேறு சரக்கு.

பிஆர்பியால் கெடுதல் அதிகம் என்று ஆய்வுகள் சொல்லவில்லை. முதல் சில நாட்கள் வலி கூடும், அவ்வளவுதான். கெடுதல் பர்ஸில்தான்.

மற்ற ஊசிகள்

போட்டாக்ஸ்: போட்டுலினம் நச்சைக் குறைந்த அளவில் செலுத்தித் தசையைத் தளர்த்துவது. 2005-ல் ஹாங்காங்கில் 60 பேரிடம் நடந்த ஆய்வில் வலி குறைந்தது. ஆனால் சிலருக்கு விரலை நிமிர்த்தும் பலமும் சில வாரம் குறைந்தது. ஸ்க்ரூவும் கனெக்டரும் மாட்டும் கைக்கு இது ஒத்து வராது. விரல் ஓடவில்லை என்றால் அன்றைக்கு டார்கெட்டும் ஓடாது.

டெக்ஸ்ட்ரோஸ்: செறிவான சர்க்கரைக் கரைசலைச் செலுத்தி, ஆறும் செயலைத் தூண்டிவிடப் பார்க்கும் முறை. செலவு குறைவு. சாதகமான முடிவு சொல்லும் ஆய்வுகளில் பல மிகச் சிறியவை. அவற்றை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

ஹையலுரோனிக் அமிலம்: மூட்டுத் தேய்மானத்துக்குப் போடும் அதே மருந்துதான். முழங்கைக்கு இதைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இன்னும் சேரவில்லை.

எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்திப் பார்த்தால் மிஞ்சுவது இதுதான். ஆறு வாரத்துக்கு ஸ்டீராய்டை அடிக்க ஆளில்லை. ஓராண்டில், காலமும் பயிற்சியும் தருவதைவிட அதிகமாகத் தரும் ஊசி என்று எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

காலம் என்ற மருந்து

2022-ல் பின்லாந்து ஆய்வாளர்கள், சிகிச்சையே பெறாதவர்களும் போலி சிகிச்சை பெற்றவர்களும் எப்படித் தேறினார்கள் என்பதை மட்டும் 24 ஆய்வுகளிலிருந்து பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மிச்சமிருப்பவர்களில் பாதிப் பேர் தேறுகிறார்கள். ஓராண்டில் 90 சதவீதம் பேர் தேறிவிடுகிறார்கள். நாள்பட்ட வலி என்பதாலேயே இனி குணமாகாது என்று பயப்பட வேண்டியதில்லை என்பதும் அதில் தெரிந்தது.

அப்படின்னா வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு லைனில் நிற்க வேண்டியதுதானா? இல்லை. இந்த 90 சதவீதக் கணக்கைத் தொழிலாளியிடம் அப்படியே நீட்டுவது நியாயமும் இல்லை. டென்மார்க்கில் 266 நோயாளிகளை ஓராண்டு பின்தொடர்ந்த 2003-ஆம் ஆண்டு ஆய்வில், தேறாமல் நின்றவர்களில் உடலுழைப்பு வேலை செய்பவர்கள் தூக்கலாக இருந்தார்கள். காலம் ஆற்றும்தான். ஆனால் காயத்தைத் தினமும் எட்டு மணி நேரம் கிளறிக்கொண்டே இருந்தால் காலம் என்ன செய்யும்?

இங்கேதான் பயிற்சி வருகிறது. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் அடிப்படைப் பயிற்சி எளியது. முன்கையை மேஜைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு மேஜை விளிம்புக்கு வெளியே தொங்க வேண்டும். கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். மறு கையால் தாங்கி மணிக்கட்டை மேலே கொண்டுவந்து, பிறகு வலிக்கிற கையாலேயே மெல்ல மெல்ல இறக்க வேண்டும். வலி தாங்கும் அளவுக்குள் எண்ணிக்கையையும், பிறகு எடையையும் கூட்டலாம். எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். ஹாஸ்டல் அறையிலும் செய்யலாம். பைசா செலவில்லை. பொறுமை மட்டும் வேண்டும்.

பயிற்சிக்கும் மந்திர சக்தி கிடையாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிரிஸ்பேன் ஆய்வில், ஓராண்டு முடிவில் பிசியோதெரபி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்டீராய்டு போடாதவர்களுக்கு முதல் சில வாரங்களில் அது கைகொடுத்தது. அந்த வாரங்கள்தான் தொழிலாளிக்கு முக்கியம்.

மாற வேண்டியது கை மட்டுமா?

ஊசி போடுவது கையில். காரணம் இருப்பது லைனில். ஒன்றரைக் கிலோ நட் ரன்னரை மேலிருந்து தொங்கும் ஸ்பிரிங் பேலன்சரில் மாட்டிவிட்டால் அதன் எடையைக் கை சுமக்க வேண்டியதில்லை. நட் இறுகும் கணத்தில் வரும் எதிர்விசையை ரியாக்‌ஷன் ஆர்ம் தாங்கிக்கொள்ளும். பெட்டியின் உயரத்தைக் கொஞ்சம் மாற்றினால் மணிக்கட்டு வளையாமல் நேராக இருக்கும். உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்கினால் அந்தத் தசைநாணுக்குச் சுமை குறையும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வேறு தசை வேலை செய்யும் ஸ்டேஷனுக்கு ஆளை மாற்றலாம். ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இதில் தேவையில்லை. சர்வதேசத் தரத்தில் தொழிற்சாலை நடத்தும் கம்பெனிகளின் பொறியாளர்களுக்கு இவையெல்லாம் அத்துப்படி.

ஆனால் ஊசி சுலபமாகக் கிடைக்கும் இடத்தில் பேலன்சர் வர நாளாகும். வலிக்கிற கை ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டால் ஸ்டேஷனில் குறை இருப்பதே யாருக்கும் தெரியாது. ஆறு வாரத்தில் திரும்பிய கை ஆறு மாதத்தில் மறுபடி வலிக்கும்போது கான்ட்ராக்ட் முடிந்திருக்கலாம். அந்த இடத்தில் வேறொரு புதுக் கை நின்றிருக்கும். ஆறு வாரக் கணக்கு யாருக்கு லாபம், ஓராண்டுக் கணக்கு யார் தலையில் விழுகிறது என்பது இதிலிருந்தே தெரியும்.

சட்டத்தின் பட்டியலில் இல்லாத வலி

‘உடனே வேலைக்குத் திரும்பணும்’ என்ற நெருக்கடிக்குப் பின்னால் பணம் இருக்கிறது. மாதம் 18,000 ரூபாய் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். இஎஸ்ஐக்கு அவர் சம்பளத்திலிருந்து 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய் போகிறது. நிறுவனம் 3.25 சதவீதம், 585 ரூபாய் செலுத்துகிறது. உரிய பங்களிப்பு நாட்கள் இருந்தால், நோய் விடுப்பில் சம்பளத்தின் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். நாள் சம்பளம் 600 என்றால் 420 ரூபாய். முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகப் பணம் வராது.

இதே வலி ‘பணியில் ஏற்பட்ட பாதிப்பு’ என்று ஏற்கப்பட்டால் கணக்கு மாறும். முதல் நாளிலிருந்தே 90 சதவீதம், அதாவது 540 ரூபாய். 91 நாள் வரம்பும் கிடையாது. வேலை செய்ய முடியாத காலம் முழுக்க வரும்.

ஆனால் அப்படி ஏற்பதற்குப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-ல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில், பலம் கொடுத்துத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையால் வரும் முழங்கை நோய் தனி வரியாகவே இருக்கிறது. பிரான்ஸ் தன் தொழில்நோய் அட்டவணையில் இதைச் சேர்த்திருக்கிறது. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 29 நோய்களைப் பட்டியலிட்டது. ஈய நஞ்சு, சிலிகோசிஸ், இரைச்சலால் காது கேளாமை எல்லாம் அதில் உண்டு. முழங்கைக்கு இடமில்லை. இஎஸ்ஐ சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையிலும் அதே நிலைதான் இருந்தது. ரசாயனமும் தூசியும் பயமுறுத்திய காலத்தில் வடிவம் பெற்ற பட்டியல்கள் அவை. மணிக்கு இத்தனை கார், நிமிடத்துக்கு இத்தனை போன் என்று ஓடும் காலத்தின் நோய் அவற்றில் ஏறவில்லை.

இன்னும் கீழே ஒரு படி இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்ட பயிற்சியாளர் இஎஸ்ஐ திட்டத்தின் பார்வையில் தொழிலாளியே இல்லை. அதே லைனில் அதே நட்டை முடுக்கினாலும் அவருக்கு இந்த 420 ரூபாயும் கிடையாது. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு உரிமை உண்டு. ஒப்பந்ததாரர் பங்களிப்பைக் கட்டவில்லை என்றால் முதன்மை நிறுவனமே பொறுப்பு. சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ எண் இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

அப்போ ஊசியே வேண்டாமா?

அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. தூங்கக்கூட முடியாத வலி, கைக்குழந்தையைத் தூக்க முடியாத தாய், நான்கு வாரம் சம்பளம் போனால் வாடகை கட்ட முடியாத குடும்பம்: இவர்களுக்கு ஸ்டீராய்டு தரும் ஆறு வாரம் உண்மையான ஆறு வாரம். வலியில்லாத நாட்களை அற்பமாக நினைக்கும் உரிமை வெளியிலிருந்து பேசும் யாருக்கும் கிடையாது. ஆனால் போட்டுக்கொள்பவர் முழுக் கணக்கையும் தெரிந்துகொண்டு போட வேண்டும். பின்னால் வலி திரும்பும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்பதை ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை. வலி குறைந்த அந்த வாரங்களில் கைக்குச் சுமை குறைய வேண்டும், கூடக் கூடாது. திரும்பத் திரும்ப ஊசி போடுவதைத் தவிர்க்க வேண்டும்.

ஊசிக்குச் சம்மதிக்கும் முன் மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். இது டென்னிஸ் எல்போதானா, கழுத்து நரம்பிலிருந்து வரும் வலியா? இந்த ஊசி ஆறு வாரத்துக்கா, ஓராண்டுக்கா? போடாமல் விட்டால் என்ன ஆகும்? இலகு வேலைக்குச் சான்றிதழ் எழுதித் தருவீர்களா? பிஆர்பி என்றால் ஐந்தாவதாக ஒன்று: உப்புநீரைவிட இது நல்லது என்பதற்கு என்ன சான்று?

விரல் மரத்துப்போவது, முழங்கை வீங்கிச் சிவப்பது, காய்ச்சல், விழுந்து அடிபட்ட பின் தொடங்கிய வலி, கையை நீட்டவோ மடக்கவோ முடியாமல் பூட்டிக்கொள்வது ஆகியவை இருந்தால் இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. உடனே பரிசோதனை வேண்டும்.

நான்காவது கேள்விக்குப் பதில் யாரிடம்?

அந்த நான்காவது கேள்வியில்தான் எல்லாம் வந்து நிற்கிறது. இலகு வேலை என்று மருத்துவர் எழுதித் தருவார். அதை மதித்து ஸ்டேஷனை மாற்றித் தருவது சூப்பர்வைசர் கையில் இருக்கிறது. மாற்றித் தந்தால் சம்பளம் குறையாது, கான்ட்ராக்ட் போகாது என்ற உறுதி நிர்வாகத்தின் கையில். பிசியோதெரபி தொழிற்பேட்டைக்குப் பக்கத்து டிஸ்பென்சரியிலேயே, ஷிப்ட் முடியும் நேரத்தில் கிடைப்பது இஎஸ்ஐ கையில். முழங்கையைப் பட்டியலில் சேர்ப்பது அரசின் கையில்.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோதெரபியை வீட்டுக்கே கொண்டுபோனது. வீட்டு வாசலுக்குப் போக முடிந்த பிசியோதெரபி கம்பெனி வாசலுக்கும் வர முடியும். வாரத்தில் ஒரு நாள், எந்த ஸ்டேஷனிலிருந்து எத்தனை முழங்கைகள் வருகின்றன என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தாலே போதும். மூன்று மாதத்தில் எந்த ஸ்டேஷனுக்கு பேலன்சர் வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லிவிடும். அது வரும்வரை, அதே ஸ்டேஷனிலிருந்து அடுத்தடுத்த கைகள் ஊசிக்கு வந்துகொண்டேதான் இருக்கும்.